கீசர் பராமரிப்பு: கம்பெனி ஒப்பந்தமா, ஊர் மெக்கானிக்கா, நாமே செய்வதா?

திசையன்விளையிலிருந்து ஓர் அண்ணாச்சி போன வாரம் கேட்டார்: "வீட்டுல ரெண்டு கீசர் இருக்கு. கம்பெனிக்காரன் மூணு வருஷத்துக்கு ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) போடுங்கன்னு போன் மேல போன் போடுதான். பக்கத்துத் தெருவுல ஒரு பையன் இருக்கான், கூப்பிட்டா வருவான். மருமகன் என்னன்னா, நானே கழத்தி மாட்டுதேன்னு நிக்கான். இதுல எதைச் செய்ய?"

இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. பாளையங்கோட்டையில் சரியாக இருப்பது திசையன்விளையில் தப்பாகப் போகும். அதனால் எதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்கும் பாய்லர் இருக்கிறது. அதை வருஷா வருஷம் பார்ப்பது அங்கே வழக்கம். இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர், அதிலுள்ள கேஸ் கருவிகளை 12 மாதத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. நம் திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் சூடாக்கும் கருவி என்றால் குளியலறை கீசர்தான். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும். கீசரை யாரும் தொடுவதில்லை. ஐப்பசி பிறந்து, தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு விடிகாலையில் சுவிட்சைப் போடும்போதுதான் அது ஓடுகிறதா இல்லையா என்பது தெரியும். மாதக்கணக்கில் உள்ளே தண்ணீரோடு சும்மா நின்ற கருவி அது. அன்றைக்குப் பார்த்து மெக்கானிக் கிடைக்க மாட்டார். நம் ஊருக்கு சர்வீஸ் மாதம் புரட்டாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

தண்ணீர். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடல் 15 லிட்டர் கீசர் வாங்கினோம். பாளையங்கோட்டையில் எங்களுக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர். நாலு வருஷம் கழித்துத் திறந்தபோது, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட்டின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் இருந்தது. துணியால் துடைத்தால் வந்துவிட்டது. வள்ளியூர்ப் பக்கம் அக்கா வீட்டில் போர் தண்ணீர். இரண்டாவது வருஷமே எலிமென்ட் போய்விட்டது. அடி மூடியைக் கழற்றியதும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது மாதிரி வெள்ளைச் சில்லு கை கையாக விழுந்தது.

காரணம் எளிது. தாமிரபரணி பொதிகையின் கடினப் பாறைகளில் பிறந்து வருகிறது. அந்தப் பாறைகள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. போர் தண்ணீர் அப்படி இல்லை. நிலத்துக்கடியில் பல காலம் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் இருந்ததால்தான். தண்ணீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கே படியும். அது எலிமென்ட்டின் மேல்தான்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய ஆய்வகம்தான் போக வேண்டும் என்பதில்லை. சோப்பு நுரைக்கிறதா, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிகிறதா, ஷவர் ஓட்டைகள் அடைகின்றனவா என்று பாருங்கள். எண்ணாகத் தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துக் கடினத்தன்மையைக் கேளுங்கள். இந்தியத் தர விதிப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்களில் சாதாரண உப்பே மீட்டரை ஏற்றிவிடும். அந்த உப்பு எலிமென்ட்டில் கட்டியாகப் படியாது. ஆனால் தொட்டியின் உலோகத்தை அரிக்கும். அங்கே கவலைப்பட வேண்டியது தொட்டியைப் பற்றி.

வாரண்டி. கார்டை எடுத்துப் படியுங்கள். தொட்டிக்கு ஒரு காலம், எலிமென்ட்டுக்கு ஒரு காலம், மொத்தக் கருவிக்கு ஒரு காலம் என்று தனித்தனியாக இருக்கும். வெளியாள் திறந்தால் வாரண்டி செல்லாது என்ற வரி அநேகமாக இருக்கும்.

தூரம். சர்வீஸ் ஆள் டவுனிலிருந்து வர வேண்டுமா, பக்கத்துத் தெருவிலிருந்தா?

வீட்டு மின்சாரம். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தனி வயர், வேலை செய்யும் எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை இருக்கின்றனவா?

வீட்டில் இருப்பது யார். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே கணக்கு வேறு.

## சர்வீஸ் என்றால் உண்மையில் என்ன வேலை

இது தெரியாமல் ஒப்பிட்டால், மூடியைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதையும் சர்வீஸ் என்றே நினைத்துவிடுவோம்.

தொட்டியில் உள்ள தண்ணீரை வடித்து, அடியில் தங்கிய கசடை வெளியேற்ற வேண்டும். எலிமென்ட்டைக் கழற்றி அதில் படிந்த சுண்ணாம்பு உப்பை நீக்க வேண்டும். ஆனோட் ராடைப் பார்க்க வேண்டும். அது தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி. தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தான் முதலில் கரைந்துபோகும். அது முழுக்கக் கரைந்த பிறகு அடுத்து கரைவது தொட்டிதான். எலிமென்ட் போனால் சில நூறு ரூபாயிலோ கொஞ்சம் கூடவோ முடியும். தொட்டியில் ஓட்டை விழுந்தால் புதுக் கீசர்தான், வேறு வழியில்லை. அப்படியிருந்தும் இந்தக் கம்பியைப் பற்றி நம் ஊரில் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. தயவுசெய்து கேளுங்கள்.

பிறகு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சூடு மீறினால் துண்டிக்கும் கட்-அவுட், வயர் முனைகள் கருகியிருக்கிறதா என்பது, எர்த். கடைசியாகப் பாதுகாப்பு வால்வு. தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் சுமார் 350 மில்லி கூடும். அது வெளியேற இடம் வேண்டும். அதனால் சூடாகும்போது வால்வு சொட்டுவது இயல்பு. கீசர் ஓடாதபோதும் விடாமல் சொட்டினால்தான் கோளாறு. சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைத்துவிடும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதானால் தொட்டி வெடிக்காமல் தடுக்க முக்கியமாக மிச்சம் இருப்பது அந்த வால்வுதான்.

இன்னொரு விஷயம். உப்பு படிந்தால் கரண்ட் பில் இரண்டு மடங்காகும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். மின் எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் அதன் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும். பில் அப்படி ஏறாது. உண்மையான கெடுதல் வேறு. உப்புப் போர்வைக்குள் சூடு வெளியேற முடியாமல் எலிமென்ட்டின் உறை அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிக்கும். வெடித்த இடம் வழியாகக் கரண்ட் தண்ணீரில் கசியும். அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

## கம்பெனி ஒப்பந்தம்

நல்ல பக்கம்: அசல் உதிரி கிடைக்கும், வாரண்டி கெடாது, யார் வந்தார் என்ன செய்தார் என்ற பதிவு இருக்கும். போன் அடித்தால் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே புகார் பதிந்து, வேலை முடிந்ததா என்று பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு ஒப்பந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பல ஒப்பந்தங்களில் ஆள் கூலி மட்டும்தான் சேர்த்தி. எலிமென்ட், ஆனோட், கேஸ்கெட் (ஒழுகாமல் மூடிக்கு அடியில் போடும் ரப்பர் வளையம்) எல்லாம் தனி. உதிரி சேர்த்த ஒப்பந்தம் என்றாலும் "கடின நீரால் வந்த பழுது சேராது" என்று ஒரு வரி இருக்கலாம். போர் தண்ணீர் வீட்டுக்கு அந்த ஒரு வரி இருந்தால் ஒப்பந்தமே வீண். அங்கே வருகிற பழுதில் பெரும்பகுதி அதனால்தான் வரும். டவுனுக்கு வெளியே என்றால் பயணக் கட்டணம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

அக்கா வீட்டில் முதல் ஒப்பந்தம் எடுத்த வருஷம் வந்தவர் மேல்மூடியைத் திறந்து, வயரைப் பார்த்து, "நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டியைத் திறக்கவே இல்லை. அதே கார்த்திகையில்தான் எலிமென்ட் போனது. அதனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: வருஷத்துக்கு ஒரு முறையாவது தொட்டியைத் திறந்து உப்பு நீக்குவீர்களா? ஆனோட் சேர்த்தியா? கடின நீரால் வரும் பழுது சேர்த்தியா? பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்குங்கள்.

## ஊர் மெக்கானிக்

நான் பெரும்பாலும் நம்புவது இவர்களைத்தான், நல்லவர் கிடைத்தால். கூப்பிட்ட அன்றே வருவார். உங்கள் தெருத் தண்ணீர் எப்படி என்று அவருக்குத் தெரியும். ஒரே வேலையாக கீசர், மோட்டார், சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் பார்ப்பார். கம்பெனி ஆள் கீசரோடு நிறுத்திக்கொள்வார். எர்த் சரியில்லை என்றால் "உங்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்பார். நம் பழைய வீடுகளில் பாதிப் பிரச்சினை எர்த்தில்தான். உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி, பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்து போய்விடும். அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு மேலப்பாளையத்து மெக்கானிக்தான்.

ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரிது. அது ஆசிட். "அண்ணே, பாத்ரூம் ஆசிட் ஊத்துனா ரெண்டு நிமிஷத்துல பளபளன்னு ஆயிரும்" என்பார் சிலர். ஆகும். கூடவே எலிமென்ட்டின் உறையும் மெலியும், தொட்டியின் உள்பூச்சில் விரிசல் இருந்தால் அதுவும் அரிக்கும். அந்த எலிமென்ட் அடுத்த வருஷத்தைப் பார்க்காது. எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் ஆசிடை வெந்நீரில் கரைத்து, எலிமென்ட்டைச் சில மணி நேரம் ஊறவைத்தால் போதும். மெதுவான வேலை, ஆனால் உலோகத்துக்குக் கெடுதல் குறைவு. மெக்கானிக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் காலையில் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து மாட்டச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள், தகும்.

மற்றபடி பில் இருக்காது, உதிரி அசலா என்று தெரியாது. எலிமென்ட்டை நீங்களே கம்பெனி டீலரிடம் வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் கீசரை மட்டும் இவரிடம் திறக்கக் கொடுக்காதீர்கள்.

## நாமே செய்வது

இதில் இரண்டு வகை வேலை உண்டு. மூடியைத் திறக்காமல் செய்வதை யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். தெர்மோஸ்டாட் திருகு இருந்தால் 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் ஏற ஏறச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், அதன் சுவிட்ச் தானே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

வருஷம் ஒரு முறை கசடை வடிப்பதும் வீட்டிலேயே ஆகும். போர்டில் கீசருக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே இருப்பது ஆறட்டும். வருகிற தண்ணீரை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும். வால்விலிருந்து ஒரு குழாய் போட்டு வாளியில் பிடித்தால் எவ்வளவு வெள்ளைக் கசடு வருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். திரும்ப நிரப்பும்போது வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் எலிமென்ட் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

திறந்து செய்யும் வேலை வேறு. கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் ஒழுகும். ஒழுகுவது வயர் முனையில்தான். மல்டிமீட்டர் பிடித்துப் பார்க்கத் தெரியாதவர், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இதைத் தொடவே வேண்டாம். ஸ்டூல் மேல் ஏறி, ஈரத் தரையில் செய்யும் வேலை. பணம் மிச்சம் என்பது இங்கே காரணமாக இருக்கக் கூடாது.

## ஒரு பார்வையில்

| | கம்பெனி ஒப்பந்தம் | ஊர் மெக்கானிக் | நாமே |
|---|---|---|---|
| ஆற்றுத் தண்ணீர் | தேவைக்கு மேல் | இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திறந்தால் போதும் | வருஷம் ஒரு முறை வடித்தால் போதும் |
| கடினமான போர் தண்ணீர் | கடின நீர்ப் பழுது சேர்த்தி என்றால் மட்டும் | வருஷம் ஒன்று அல்லது இரண்டு முறை. ஆசிட் கூடாது | வடிப்பது மட்டும் போதாது |
| வாரண்டி இருக்கும்போது | இதுதான் | திறக்கக் கூடாது | திறக்கக் கூடாது |
| எர்த், வயரிங் | பார்க்க மாட்டார்கள் | நல்லவர் பார்ப்பார் | டெஸ்ட் பொத்தான் மட்டும் |
| மறைந்த செலவு | உதிரி, பயணம், காத்திருப்பு | போலி உதிரி, பில் இல்லாமை | தவறு நேர்ந்தால் உயிர் |

## ஒன்றும் செய்யாமல் விடுவது

பெரும்பாலோர் எடுக்கும் முடிவு இதுதான், முடிவு எடுத்தோம் என்று தெரியாமலே. ஆற்றுத் தண்ணீர் வீட்டில் சில வருஷம் ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துப் போர் தண்ணீர் வீட்டுக்காரரும் விடுகிறார். ஆர்.சி.சி.பி. இல்லாத, எர்த் செத்த வீட்டில் இப்படி விடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். சர்வீஸுக்குப் பணம் இல்லை என்றால் முதல் செலவு ஆர்.சி.சி.பி.க்குப் போகட்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். கீசர் உயரத்தில் இருந்ததால் தப்பியது என்று பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். கீழே இருந்த சுவிட்ச் போர்டும் ஆர்.சி.சி.பி.யும் மூழ்கினவே! மூழ்கிய ஆர்.சி.சி.பி.யைக் காயவைத்துத் திரும்பப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

## கேஸ் கீசரும் சோலாரும்

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் மேலே உள்ள ஒப்பீட்டைப் பார்க்கவே வேண்டாம். அதை வாரண்டி முடிந்த பிறகும் பயிற்சி பெற்ற சர்வீஸ் ஆள் மட்டும்தான் தொட வேண்டும். அது குளியலறைக்குள் இருந்தால் முதல் வேலை வெளியே மாற்றுவது. மூடிய அறையில் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்குவதே வெளியில் தெரியாது.

சோலார் வெந்நீர்க் கருவியில் குழாய்களுக்குள் உப்பு படியும். ஆற்றுத் தண்ணீர் என்றால் கவலை குறைவு. போர் தண்ணீர் என்றால் ஊர் மெக்கானிக்கே போதும், ஆனால் கண்ணாடிக் குழாயை உருவி மாட்டிப் பழகியவராக இருக்க வேண்டும். வெயில் ஏறும் முன் அதிகாலையில் செய்யச் சொல்லுங்கள். சூடேறிய காலிக் குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் உடைந்துவிடும்.

## யாருக்கு எது

ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடு, வாரண்டி முடிந்தது: நீங்களே வடியுங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நம்பிக்கையான மெக்கானிக். ஒப்பந்தம் வேண்டாம்.

போர் தண்ணீர், வாரண்டி இருக்கிறது: கம்பெனி ஆள்தான். ஒப்பந்தமாக இல்லாமல் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துக் கூப்பிடுவது மலிவா என்று ஒரு முறை கணக்குப் போடுங்கள். பல நேரம் அதுவே மலிவு.

அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீடு: தண்ணீர் எதுவானாலும் ஒப்பந்தம் எடுங்கள். கூடவே ஊர் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். இங்கே கொஞ்சம் பணம் வீணானாலும் பரவாயில்லை.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு: ஆற்றுத் தண்ணீர் இணைப்பும் போரும் இரண்டும் இருந்தால், மாடியில் ஒரு சின்னத் தொட்டியைத் தனியாக வைத்து ஆற்றுத் தண்ணீர் மட்டும் கீசருக்குப் போகும்படி பைப் போடச் சொல்லுங்கள். சுவர் பூசுவதற்கு முன் சொன்னால் கொஞ்சம் பைப்தான் செலவு.

திசையன்விளை அண்ணாச்சிக்கு இரண்டு கீசரும் போர் தண்ணீரில்தான் ஓடுகின்றன. ஒன்று ஆறு வருஷப் பழையது, இன்னொன்று வாரண்டியில் இருக்கிறது. புதியதைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, பழையதைப் பக்கத்துத் தெருப் பையனை வைத்துத் திறக்கச் சொன்னேன், மருமகனைக் கூட நின்று பார்க்கச் சொன்னேன். நேற்றுப் போன் செய்தார். ஆனோட் ராடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி கனத்துக்கு ஒரு கம்பி மட்டும் மிச்சம் இருந்ததாம். தொட்டி இன்னும் ஒழுகவில்லை. புது ராடு வாங்க மருமகன் டவுனுக்கு பஸ் ஏறியிருக்கிறார்.